மெட்ஃபார்மினுக்கு அடுத்த மாத்திரை எது? வேலூர்ப் பக்கத்துக் குடும்ப மருத்துவருக்கு மூன்று வழிகள்

சர்க்கரை நோய்க்கு முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மினை முழு அளவு போட்டும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) எட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அடுத்து எதைச் சேர்ப்பது? சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் எந்தக் குடும்ப மருத்துவருக்கும் வாரத்தில் பல தடவை வரும் கேள்வி இது. பத்து வருடத்துக்கு முன்பு இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. கிளிமிபிரைடு 1 மி.கி. என்று கை தானாக எழுதிவிடும். புது மருந்துகள் அப்போதும் இருந்தன. ஆனால் ஒரு மாத்திரை நாற்பது, ஐம்பது ரூபாய் என்றால் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவரிடமும் பேர்ணாம்பட்டில் பீடி சுற்றுகிற அம்மாவிடமும் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

இப்போது நிலைமை வேறு. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தது. 2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசின், 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டின், 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்று வரிசையாக முடிந்தன. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு ஏகப்பட்ட கம்பெனிகள் அதே மருந்தைக் கொண்டுவந்தன. ஒரு மாத்திரை அறுபது ரூபாய் அளவுக்கு விற்ற எம்பாகிளிஃப்ளோசின் இன்று பத்து ரூபாய்க்குள்ளேயும் கிடைக்கிறது. மக்கள் மருந்தகங்களில் சிட்டாகிளிப்டின் 100 மி.கி. பத்து மாத்திரை நூறு ரூபாய் என்றுதான் 2022-இல் அறிமுகமானது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் திறந்துவிட்டன. ஆக, "ஏழை நோயாளி, வேறு வழியில்லை" என்று யோசிக்காமல் கிளிமிபிரைடு எழுதியதற்கு இருந்த முக்கியமான காரணம் பெரும்பாலும் போய்விட்டது. பழக்கம்தான் மிச்சம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வறிக்கைப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் நம் கிளினிக்கிலேயே ஓடுகிறவர்கள். மெட்ஃபார்மினோடு சேர்க்க நம் கையில் இருப்பது முக்கியமாக மூன்று குடும்பங்கள்: சல்ஃபோனைல்யூரியாக்கள் (கிளிமிபிரைடு, கிளிக்லாசைடு), கிளிப்டின்கள் (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின்), ஃப்ளோசின்கள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்). ஊசிகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை முந்நூறுக்கு மேல், எடை சரசரவென்று குறைகிறது, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு உடைந்து வரும் அமிலப் பொருள்) வருகிறது என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவருக்கு இன்சுலின்தான்.

கிளிமிபிரைடு: வேகம் உண்டு, ஆனால் சாப்பாடு நேரத்துக்கு வரவேண்டும்

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். மூன்றிலும் சர்க்கரையை அதிகம் இறக்குவது இதுதான். எச்பிஏ1சி ஒன்று முதல் ஒன்றரை வரை இறங்கும், அதுவும் சீக்கிரம் இறங்கும். விலை மிகக் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில், வசதி குறைந்த இடங்களில் மெட்ஃபார்மினுக்கு அடுத்ததாக சல்ஃபோனைல்யூரியாவைத்தான் சொன்னது. "இதயத்துக்குக் கெடுதல்" என்ற பழைய பயத்துக்கும் 2019-இல் வந்த கரோலினா ஆய்வு ஓரளவு பதில் சொல்லிவிட்டது. ஆறாயிரம் பேரை ஆறு வருடத்துக்கு மேல் பார்த்ததில், லினாகிளிப்டின் எடுத்தவர்களுக்கும் கிளிமிபிரைடு எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. லோ சுகர் வந்தவர்கள் லினாகிளிப்டின் பக்கம் 10.6 சதவீதம், கிளிமிபிரைடு பக்கம் 37.7 சதவீதம்.

இது நம் ஊரில் எப்படித் தெரியும் என்றால் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் காலையைப் பார்க்க வேண்டும். ஆறரைக்கு கம்பெனி பஸ். "மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டு ஓடுவேன் டாக்டர், டிபன் பாக்ஸ டீ பிரேக்லதான் திறப்பேன்" என்பார். டீ பிரேக் என்றால் பத்து மணி. கிளிமிபிரைடு ஆறரைக்கே வேலையை ஆரம்பித்துவிடும், சாப்பாடு மூன்றரை மணி நேரம் கழித்து வரும். நடுவில் கைநடுக்கம், படபடப்பு, வேர்வை. சூப்பர்வைசர் ஒரு சாக்லேட் கொடுப்பார், அந்த அம்மா "பிரஷர் ஏறிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார். நாம் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார். உண்மையில் அவர் மாத்திரையின் நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்: வீட்டில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு மாத்திரை, இல்லையென்றால் டிபன் பாக்ஸுக்குள்ளேயே மாத்திரை. ஆனால் சாப்பாட்டு நேரம் தினமும் ஒரு மாதிரி இருக்கும் என்று யாருக்கு உறுதி? ஷிஃப்ட் வேலை, கல்யாணப் பந்தி, ஆடிக் கிருத்திகை விரதம் எல்லாம் இருக்கிறதே.

வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எழுபது தாண்டியவர், கிரியாட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் ஏறும் கழிவு) கூடி இருக்கிறது, ராத்திரி சாப்பாடு அரைத் தட்டு. இவருக்கு இதே குடும்பத்துப் பழைய மாத்திரையான கிளிபென்கிளமைடை மட்டும் எழுதவே கூடாது. அதன் உடைபொருள்களும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் மந்தமானால் உடம்பிலேயே தங்கிவிடும். சல்ஃபோனைல்யூரியாதான் கொடுத்தாக வேண்டும் என்றால் கிளிக்லாசைடு பரவாயில்லை. பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரை) எடுக்கிறவருக்குப் படபடப்பே தெரியாமல் நேராக மயக்கத்துக்குப் போகலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அப்புறம் அந்த மஞ்சள் பை. பழைய நோயாளி வந்தால் பையை மேசையில் கவிழ்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய அட்டை ஒன்று, அதில் கிளிமிபிரைடு 2 மி.கி. தனியாரில் எழுதிய கூட்டு மாத்திரை ஒன்று, பெயருக்குப் பின்னால் 'எம் 2' என்று இருக்கும், அதாவது இன்னொரு 2 மி.கி., காலையும் மாலையும். கூட்டினால் ஒரு நாளைக்கு ஆறு. நிறம் வேறு, அட்டை வேறு, எழுதியவர் வேறு, அதனால் அவர் இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒழுங்காகப் போட்டுவருகிறார். 'எம் 1', 'வி 2', 'பி 2' என்று முடிகிற பெயர்களில் பெரும்பாலும் கிளிமிபிரைடு ஒளிந்திருக்கும். அடுத்த மாத்திரை எது என்று யோசிக்கும் முன்னால் இந்தப் பையைப் பார்த்துவிடுவது நல்லது. சில சமயம் சேர்ப்பதற்குப் பதில் எடுக்க வேண்டியிருக்கும்.

கிளிப்டின்: தொந்தரவு இல்லை, சாதனையும் இல்லை

இதைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை. எச்பிஏ1சி அரை முதல் முக்கால் வரை இறங்கும். எடை கூடாது, குறையாது. தனியாகவோ மெட்ஃபார்மினோடோ கொடுத்தால் லோ சுகர் வருவது அபூர்வம். சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போடலாம். சாப்பாடே ஒரு வேளை தவறினாலும் பயமில்லை. தனியாக வசிக்கும் முதியவர், ஒழுங்கில்லாத சாப்பாட்டு நேரம், லோ சுகர் வந்தால் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் என் முதல் தேர்வு இதுதான்.

இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தனியாகப் பாதுகாப்பு எதுவும் தராது. சேக்ஸாகிளிப்டினில் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது சற்றுக் கூடியதை 2013 ஆய்வு காட்டியது. அதனால் இதயம் பலவீனமானவருக்கு அதை ஒதுக்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் கவனிக்க வேண்டும். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 45-க்குக் கீழ் போனால் சிட்டாகிளிப்டின் 50 மி.கி., 30-க்குக் கீழ் 25 மி.கி. வில்டாகிளிப்டின் 50-க்குக் கீழே ஒரு வேளை மட்டும். லினாகிளிப்டினுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். டெனெலிகிளிப்டின் நம் ஊர் மருந்துக்கடைகளில் மலிவாக ஓடுகிறது. சர்க்கரையைக் குறைக்கத்தான் செய்கிறது. மற்ற கிளிப்டின்களுக்கு நடந்தது போன்ற பெரிய இதய ஆய்வு அதற்குப் பின்னால் இல்லை என்பது தெரிந்தே எழுத வேண்டும்.

இன்னொன்று, நீடிப்பு. 2022-இல் வெளியான கிரேடு ஆய்வில் மெட்ஃபார்மினோடு நான்கு மருந்துகளைச் சுமார் ஐந்து வருடம் ஒப்பிட்டார்கள். எச்பிஏ1சி ஏழைத் தாண்டியவர்கள் கிளிமிபிரைடில் 72 சதவீதம், சிட்டாகிளிப்டினில் 77 சதவீதம். நான்கிலும் கடைசி சிட்டாகிளிப்டின்தான். எட்டரை, ஒன்பது என்று நிற்பவருக்குக் கிளிப்டினை மட்டும் சேர்த்துவிட்டு இலக்கை எதிர்பார்ப்பது வீண் ஆசை. அந்த ஆய்வில் ஃப்ளோசின்கள் இல்லை என்பது அதன் குறை.

ஃப்ளோசின்: இதயமும் சிறுநீரகமும் ஒரு பக்கம், வேலூர் வெயில் மறுபக்கம்

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இவை. சர்க்கரை இறங்குவது கிளிப்டின் அளவுதான், பிரமாதமில்லை. ஆனால் 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு வெளிவந்ததிலிருந்து பார்வையே மாறிவிட்டது. ஏற்கெனவே இதய நோய் உள்ள ஏழாயிரம் பேரிடம் இதயக் காரணத்தால் இறப்பது 38 சதவீதம் குறைந்தது. 2020-இல் டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரக ஆய்வு, சிறுநீரகம் கெட்டுப்போகும் வேகத்தைத் தெளிவாகக் குறைத்துக் காட்டியது. இத்தனைக்கும் அதில் சர்க்கரை நோய் இல்லாதவர்களும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த வகையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்வது இதுதான்: சர்க்கரை நோயாளிக்கு இதயச் செயலிழப்போ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் எச்பிஏ1சி எவ்வளவு என்றே பார்க்காமல் ஃப்ளோசினைச் சேர்.

சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நம்மில் பலர் கிரியாட்டினின் ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அது முப்பதைத் தாண்டியிருந்தால், கிரியாட்டினின் சுத்தமாக இருந்தாலும், என் கை ஃப்ளோசின் பக்கம் போகும். இந்த ஒரு பரிசோதனைக்கு நோயாளியைச் சம்மதிக்க வைப்பது மருந்து எழுதுவதைவிடக் கடினம் என்பது தனிக் கதை. ஈஜிஎஃப்ஆர் இருபது, இருபத்தைந்து வரை இருந்தால் தொடங்கலாம். சர்க்கரை அவ்வளவாகக் குறையாது, சிறுநீரகப் பலன் கிடைக்கும். தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். பயந்து நிறுத்திவிடக் கூடாது.

கூடவே எடை இரண்டு மூன்று கிலோ குறையும், மேல் இரத்த அழுத்தம் மூன்று முதல் ஐந்து புள்ளி இறங்கும். கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நம் ஊருக்கு வருவோம்.

கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர். மே மாதத்தில், ஏற்கெனவே ஃப்ரூஸமைடு போன்ற, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரையோ அது கலந்த பிரஷர் மாத்திரையோ எடுக்கிற எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு ஃப்ளோசினையும் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது தள்ளாடுவார். தொடங்கும்போதே நீர் மாத்திரையின் அளவைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். நின்ற நிலையில் பிரஷர் எடுக்க வேண்டும். அவசரம் இல்லாத நோயாளி என்றால் ஆடி பிறந்து காற்று அடிக்கட்டும் என்று நான் தள்ளிவைப்பது உண்டு. இதயச் செயலிழப்பு இருந்தால் மட்டும் தள்ளிவைக்க மாட்டேன்.

அதே ஷூ கம்பெனிப் பெண்ணை மறுபடி நினைத்துப் பாருங்கள். லைனை விட்டு எழுந்து பாத்ரூம் போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் நிறைய. அவருக்குச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையைக் கொடுத்தால் ஒன்று மாத்திரையை நிறுத்துவார், அல்லது தண்ணீரை இன்னும் குறைப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு இந்த மருந்தின் வழக்கமான தொந்தரவு. பெண்களுக்கு அதிகம். வெயிலும் வேர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்: சிறுநீர் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் வரவேண்டும். ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவார்கள் என்றால் நர்ஸ் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லாத இடத்தில், ஒரு மாதத்தில் மாத்திரையும் நின்றிருக்கும், நோயாளியும் வேறு டாக்டரிடம் போயிருப்பார்.

அபூர்வம், ஆனால் மறக்கக் கூடாதது கீட்டோ அசிடோசிஸ், அதாவது கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாவது. இந்த மருந்தில் சர்க்கரை இருநூறுக்குள் இருக்கும்போதே அது வரலாம். குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குகிறது என்றால் சர்க்கரை சாதாரணமாக இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். நோயாளிக்கு நான் எழுதிக் கொடுப்பது மூன்று வரி: வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்த மாத்திரையை நிறுத்து. ஆபரேஷன் என்றால் மூன்று நாளுக்கு முன்பே நிறுத்து. நிறுத்தியதை வந்து சொல். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கண் ஆபரேஷனிலிருந்து இதய ஆபரேஷன் வரை தேதி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நம் நோயாளிகள்தான். அங்கே சொல்வார்கள் என்று விட்டுவிடாமல் நாமே சீட்டில் எழுதிவிடுவது மேல்.

ஒல்லியான சர்க்கரை நோயாளிகள் தனி ரகம். எடை நாற்பது கிலோ, இடுப்பில் சதை இல்லை, முப்பது வயதிலேயே சர்க்கரை. இப்படிப்பட்டவர்களைப் பற்றி வேலூர் சிஎம்சியில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. இவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாக இல்லை, இன்சுலின் சுரப்பதே குறைவு என்று அது காட்டியது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. நம் மண்ணில் பார்த்த நோய் என்பதால் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. இன்சுலின் குறைவாக இருப்பவருக்கு ஃப்ளோசின் கொடுத்தால் எடை இன்னும் போகும், கீட்டோன் ஆபத்தும் கூடும். கொடுக்க வேண்டாம். ஒருமுறை நீரிழிவு நிபுணரிடம் அனுப்பிவிடுங்கள்.

நோன்பு மாதம்

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு ரமலானில் அப்படியே உயிர் பெறும். நோன்பு வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவர்கள். "பாய், வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நம்மிடம் சொல்லாமல் வைப்பார்கள். ஒரு மாதம் முன்பே வரச் சொல்லி மாத்திரையைச் சீர்செய்வதுதான் உருப்படியான வழி.

கிளிப்டின் எடுப்பவருக்கு மாற்றம் எதுவும் வேண்டாம். மெட்ஃபார்மினின் பெரிய பங்கை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றலாம். கிளிமிபிரைடு ஒரு வேளை என்றால் அதையும் நோன்பு திறக்கும்போதே. இரண்டு வேளை எடுக்கிறவருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் சஹர் (விடியலுக்கு முன் சாப்பிடும்) வேளை அளவைப் பாதியாக்க வேண்டும். ஃப்ளோசினை நோன்பு திறந்தபின் கொடுத்து, சஹர் வரைக்கும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லலாம். ஆனால் புதிதாக அந்த மாதத்தில் தொடங்கக் கூடாது, குறைந்தது சில வாரம் முன்பே உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழ் போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதை வீட்டில் இன்னொருவர் முன்னிலையில் சொல்லுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சந்தேகத்தாலேயே பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு.

என் வரிசை

இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருந்தால் ஃப்ளோசின், விலைக்கு வாங்க முடியாவிட்டாலும் எப்படியாவது. குண்டான, நாற்பது ஐம்பது வயதுக்காரருக்கும் அதுவே, ஆனால் பாத்ரூம் வசதியைக் கேட்டுவிட்டுத்தான். முதியவர், சாப்பாட்டு நேரம் ஒழுங்கில்லாதவர், நோன்பு வைப்பவர் என்றால் கிளிப்டின். எச்பிஏ1சி ஒன்பதுக்கு மேல், சாப்பாடு நேரத்துக்கு வீட்டில், கையில் காசில்லை, இலவச மாத்திரைதான் ஒழுங்காகப் போடுவார் என்றால் கிளிமிபிரைடை 1 மி.கி.யில் தொடங்கத் தயங்க மாட்டேன். மாதக் கடைசியில் அட்டை வாங்காமல் விட்டுவிடும் புது மருந்தைவிடத் தினமும் போடும் பழைய மருந்து அவருக்கு நல்லது. சட்டைப்பையில் இரண்டு சாக்லேட்டும், லோ சுகர் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும் என்ற பாடமும் அந்த மருந்தோடு கட்டாயம்.

எழுபத்தைந்து வயதுக்காரருக்கு எச்பிஏ1சி 7.8 என்றால் எந்த மாத்திரையையும் சேர்க்காமல் விடலாம் என்பதும் ஒரு தேர்வுதான். அவருக்கு எட்டு வரை போதும்.

எதைத் தொடங்கினாலும் மூன்று மாதத்தில் எச்பிஏ1சி திரும்பப் பார்க்க வேண்டும். அரை சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் முதலில் மஞ்சள் பை, மீதி மாத்திரைக் கணக்கு. ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால் மூன்றாவதை அதன் தலையில் ஏற்றாமல் பலனில்லாததை நிறுத்திவிட்டு அடுத்த குடும்பத்துக்கு மாறலாம். ஃப்ளோசின் மட்டும் விதிவிலக்கு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுத்திருந்தால் சர்க்கரை இறங்காவிட்டாலும் அது தொடர வேண்டும், அதோடு வேறொன்றைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பது கிளிமிபிரைடாக இருந்தால், காலை டிபன் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.